ஓராண்டு எழுதினேன், வீடியோ போட்டேன், தேறியது எவ்வளவு?

கேள்வி: 2025 ஜனவரி முதல் தொழில்நுட்பம் பற்றி எழுதியும் வீடியோ போட்டும் வருகிறேன். சொந்தத் தளத்தில் 46 கட்டுரைகள், யூடியூபில் 31 வீடியோக்கள், அறுபதுக்கு மேல் ஷார்ட்ஸ், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மாதிரி நிரல்கள். எல்லாவற்றின் வியூஸையும் கூட்டினால் தொகை பெரிதாகத்தான் வருகிறது. ஏப்ரலில் ஒரு பாய்ச்சல்கூட இருந்தது. ஆனாலும் ஒன்றும் நகர்ந்த மாதிரி தெரியவில்லை. 'சேனலின் பாஸ்வேர்டைக் கொடுங்கள், ஓராண்டு ஆய்வறிக்கை தருகிறோம், மூன்று மாதத்தில் வருமானத் தகுதியும் வாங்கித் தருகிறோம்' என்று ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கொடுக்கலாமா? ஆள் வராத பழைய பதிவுகளை அழித்துவிடலாமா?

பதில்: பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பதிவுகளை அழிக்காதீர்கள். அவசரமென்றால் இந்த இரண்டு வரி போதும். காரணம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் அந்தக் கூட்டல். படியில் அளந்ததையும் முழத்தில் அளந்ததையும் கூட்டி ஒரே தொகையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரைக்கு ஒருவர் வந்தாரென்றால், தன் சிக்கலைத் தட்டித் தேடி, பத்துத் தலைப்புகளில் உங்களுடையதைச் சொடுக்கி வந்திருக்கிறார். ஷார்ட்ஸில் ஒரு வியூ என்றால், விரலால் தள்ளிக்கொண்டே போனவரின் திரையில் உங்கள் வீடியோ ஓடத் தொடங்கியது, அவ்வளவுதான். கேலிக்காகச் சொல்லவில்லை. 2025 மார்ச் 31 முதல் யூடியூபின் கணக்கே அதுதான். ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ, மறுபடி ஓடினால் இன்னொன்று. இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பழைய முறையில் எண்ணியதை 'எங்கேஜ்டு வியூஸ்' என்ற பெயரில், சேனல் நடத்துபவர் கணக்குப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் தனியாக ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். வருமானத்துக்கும் தகுதிக்கும் எடுத்துக்கொள்வது அந்த எண்ணைத்தான். உங்கள் ஏப்ரல் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். ஆண்டின் நடுவில் முழக்கோலைச் சுருக்கிவிட்டு, துணி நீண்டுவிட்டது என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

தகுதிக் கணக்கும் அப்படித்தான். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே, கடந்த 12 மாதங்களில் பொதுவில் உள்ள வீடியோக்களை மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் ஒரு கோடி வியூஸைத் தொட்டிருக்க வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் தள்ளித் தள்ளிப் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. அறுபது ஷார்ட்ஸுக்குக் கொட்டிய உழைப்பு எந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது: தரவுகளை இறக்கி வையுங்கள். கூகுள் தேடலிலிருந்து உங்கள் தளத்துக்கு வந்தவர்களைக் காட்டும் சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். கிட்ஹப் கடைசி 14 நாட்களின் வருகையை மட்டுமே காட்டும். ஓராண்டாக உங்கள் நிரலை யார் எங்கிருந்து வந்து பார்த்தார்கள் என்பதில் ஐம்பது வாரம் ஏற்கெனவே காற்றில் போய்விட்டது. தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் வழக்கமான அறிக்கைகள் இருக்கும். ஆனால் தோண்டிப் பார்க்கும் பகுதியில் தரவு தங்கும் காலம் நாமாக மாற்றாதவரை 2 மாதம்தான். அமைப்புகளுக்குள் போய் 14 மாதம் என்று மாற்றலாம். மாற்றினாலும் போனது போனதுதான். ஓராண்டைத் திரும்பிப் பார்க்க எல்லோரும் விரும்புவார்கள் என்பது தெரிந்தும் இரண்டு மாதத்தை இயல்பாக வைத்த புண்ணியவானைச் சந்திக்க எனக்கு நெடுநாள் ஆசை.

இறக்கியதை எப்படிப் படிப்பது? சர்ச் கன்சோலில் ஒரே ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தேடலிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். 'லினக்ஸ் அறிமுகம்' என்று நீங்கள் தலைப்பிட்ட கட்டுரைக்கு, 'பெர்மிஷன் டினைட்' என்ற பிழைச் செய்தியை அப்படியே ஒட்டித் தேடியவர்கள் வந்திருப்பார்கள். பாதிக்குக் கீழே நீங்கள் போகிற போக்கில் எழுதிய நான்கு வரி, அவர்களுக்கு அதுதான் கட்டுரை. அடுத்த ஆண்டு எதை எழுதுவது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும். வீடியோவுக்கு அதே வேலையைச் செய்வது, பார்ப்பவர்கள் எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டும் வரைபடம். முதல் 30 நொடி முடிவில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று ஸ்டுடியோ சொல்லும். கோடு சரியும் இடத்தில் வீடியோவை ஓட்டிப் பாருங்கள். சுழலும் லோகோ, 'வணக்கம் நண்பர்களே', 'பெல் ஐகானை அழுத்துங்கள்'. விஷயம் 40-ஆவது நொடியில்தான் ஆரம்பிக்கும். அதுவரை ஆள் எப்படிக் காத்திருப்பார்?

அழிப்பது பற்றி. தினம் இரண்டு பேர் வரும் பிழைதிருத்தக் கட்டுரையில் அழிக்க ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேரும் தேவைப்பட்டு வந்தவர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பதிவு பழையதாக இருப்பது வேறு, தவறாக இருப்பது வேறு. பழைய பதிப்பின் ஸ்கிரீன்ஷாட்கள் இருந்தால் மேலே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் பயனர்களின் பாஸ்வேர்டை எம்டி5 என்ற, எளிதில் உடைபடும் பழைய முறையைக் கொண்டு சேமிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தால், அதைப் பார்த்துச் செய்பவர் கெட்டுப்போவார். கட்டுரையென்றால் சுலபம்: புதிதாக எழுதி, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திசைமாற்றம் போட்டுவிடலாம். வீடியோவில்தான் தலைவலி. யூடியூபில் அதே முகவரியில் வேறு கோப்பை ஏற்ற முடியாது. ஒரு பகுதியை வெட்டலாம், விளக்கத்தைத் திருத்தலாம், கருத்துப் பெட்டியின் உச்சியில் எச்சரிக்கையைக் குத்தி வைக்கலாம். அழித்தாலோ, தனிப்பட்டது என்று மாற்றினாலோ, முகவரி தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி ஒளித்தாலோ, அதன் மணிநேரம் அந்த 4,000 கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதனால்தான் பலர் தவறென்று தெரிந்தும் விட்டுவைக்கிறார்கள். தவறான பகுதியை வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். முழு வீடியோவும் தவறென்றால் மணிநேரம் போனாலும் எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மின்னஞ்சல். எனக்கு வரும் கடிதங்களில் இந்தக் கதை வராத மாதம் இல்லை. சேனலைப் பார்க்க எவருக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை. ஸ்டுடியோவின் அமைப்புகளில் 'அனுமதிகள்' பகுதியில், பார்க்க மட்டும் உரிமை கொடுத்து ஒருவரை அழைக்கலாம், வேலை முடிந்ததும் நீக்கலாம். இது தெரியாத நிறுவனத்துக்கு ஆய்வு செய்யத் தெரியாது. தெரிந்தும் பாஸ்வேர்டு கேட்கிறதென்றால் அதன் நோக்கம் ஆய்வில்லை. அவர்கள் தரும் 'ஆய்வறிக்கை'யும் நான் பார்த்தவரை ஸ்டுடியோவின் ஸ்கிரீன்ஷாட்களுக்கு வண்ண அட்டை போட்டதுதான். மூன்று மாதத்தில் தகுதி என்று முன்கூட்டியே உறுதி தருவதற்குப் போலிச் சந்தாதாரர்கள், போலி வியூஸ் தவிர வழியே இல்லை. அது யூடியூபின் விதிகளுக்கு விரோதம். எண்ணிக்கை நீக்கப்படும், சேனலே போகவும் வாய்ப்புண்டு. நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது.

இவர்களின் ஒன்றுவிட்ட தம்பிகள் இரண்டு வகை. ஒருவர் உங்கள் தளத்தில் 'விருந்தினர் கட்டுரை' போட்டு அதற்குள் ஒரு லிங்க் வைக்கப் பணம் தருவதாகச் சொல்வார். காசு வாங்கிய லிங்குக்கு 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறிப்பு (இந்த லிங்கைப் பரிந்துரையாக எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்வது) இல்லையென்றால் கூகுள் அதை ஸ்பாமாகக் கருதும். அந்தக் குறிப்பு வேண்டாம் என்பதுதான் அவர் வைக்கும் முதல் நிபந்தனையாக இருக்கும்.

இன்னொருவர் மோசம். 'எங்கள் மென்பொருளைச் சோதித்து ஒரு வீடியோ போடுங்கள்' என்று கோப்பு அனுப்புவார். தொழில்நுட்பச் சேனல் நடத்துகிறவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள், மென்பொருளை நிறுவிப் பார்ப்பதே அவர்கள் பிழைப்பு. நிறுவியதும் உலாவியில் இருக்கும் குக்கீகள், அதாவது நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு கோப்புகள், களவு போகும். ஏற்கெனவே உள்நுழைந்த நிலையையே தூக்கிக்கொண்டு போவதால், இரண்டு அடுக்குப் பாதுகாப்பும் நின்று வேடிக்கை பார்க்கும். இந்த வகைக் கொள்ளை பற்றிக் கூகுளே 2021 அக்டோபரில் விளக்கமாக எழுதியிருக்கிறது.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இணைப்புக் கோப்பு ஏதும் இருந்ததா, அதைத் திறந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திறந்திருந்தால் மேலே சொன்ன ஆய்வெல்லாம் அப்புறம். வேறொரு கணினியில் உட்கார்ந்து, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அந்தப் பழைய கணினியைச் சுத்தமாகத் துடைத்து இயங்குதளத்தை மறுபடி நிறுவும்வரை அதில் எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள்.