ஆளை விடுங்கள், நோட்டுக்கட்டைப் பாருங்கள்

கேள்வி: நான் அரசுடைமை வங்கி ஒன்றில் நெடுங்காலம் காசாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1971-இல் அமெரிக்காவில் விமானத்தைக் கடத்தி, பணத்துடன் பாராசூட்டில் குதித்து மறைந்த டி.பி. கூப்பரின் வழக்கில் சில ஆண்டுகளாக மூழ்கிக் கிடக்கிறேன். எஃப்.பி.ஐ. வெளியிட்ட கோப்புகளைப் படித்து, பழைய இரங்கல் குறிப்புகளையெல்லாம் தேடி, கடைசியில் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர் முன்னாள் பாராசூட் படைவீரர். சியாட்டில் பகுதி விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய படம், கடத்தியவரின் முகமென்று எஃப்.பி.ஐ. வரைந்து வெளியிட்ட படத்தை உரித்து வைத்ததுபோல் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார், மகள் இருக்கிறார், முகவரியும் கிடைத்துவிட்டது. மகளுக்குக் கடிதம் எழுதலாமா, அல்லது பெயரைச் சொல்லி நேரே கட்டுரையாக வெளியிட்டுவிடலாமா? “தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரனைப் பிடிக்கப் போகிறீர்களாக்கும்” என்று என் மகன் கேலி செய்கிறான்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள ஐயா,

கடிதம் எழுத வேண்டாம். கட்டுரையும் வெளியிட வேண்டாம். ஆராய்ச்சியை மட்டும் தாராளமாகத் தொடருங்கள். தூரத்தைச் சொல்லிக் கேலி செய்யும் உங்கள் மகனுக்கு ஒரு பதில் உண்டு: சியாட்டிலிலேயே அலுவலகம் வைத்திருந்த எஃப்.பி.ஐ. 45 ஆண்டுகள் தேடியும் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. ஆகவே உங்கள் குறை ஊரில் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியில் இருக்கிறது.

இவ்வழக்கை அறியாத மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய நாள். போர்ட்லாந்திலிருந்து சியாட்டிலுக்குப் புறப்பட்ட நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் 305-ஆம் விமானத்தில், டான் கூப்பர் என்ற பெயரில் 20 டாலர் ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்கிய ஒருவர் ஏறினார். தம் பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகப் பணிப்பெண்ணிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, இரண்டு லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டுகளும் கேட்டார். சியாட்டிலில் அவை வந்து சேர்ந்ததும் பயணிகள் 36 பேரையும் விடுவித்துவிட்டு, மெக்சிகோவை நோக்கி மீண்டும் பறக்கச் சொன்னார். பத்தாயிரம் அடிக்கு மேல் ஏறக் கூடாது, சக்கரங்களை உள்ளே இழுக்கக் கூடாது என்பவையெல்லாம் அவர் விதித்த நிபந்தனைகள். இரவு 8 மணிக்குச் சற்றுப் பின், போயிங் 727-இன் வால்பகுதிப் படிக்கட்டு திறந்திருந்த நிலையில், விமானத்தின் பின்புறம் ஒருமுறை துள்ளியதை விமானிகள் உணர்ந்தார்கள். வழியில் ரீனோ நகரில் இறங்கியபோது அவர் விமானத்தில் இல்லை. ஒரு கழுத்துப்பட்டையும் (டை), இரண்டு பாராசூட்டுகளும், சில சிகரெட் துண்டுகளும் மட்டும் இருந்தன. அந்தச் சிகரெட் துண்டுகளும் பின்னாளில் காணாமல் போயின.

அவரை நாகரிகக் கொள்ளைக்காரராகக் கொண்டாடும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. உங்கள் கடிதத்திலும் அதன் சாயல் லேசாகத் தெரிகிறது. குடித்த மதுவுக்குக் காசு கொடுத்தார் என்பதும், யாருக்கும் காயமில்லை என்பதும் உண்மைதான். என்றாலும், வெடிகுண்டு என்று சொல்லப்பட்ட பெட்டியின் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார வைக்கப்பட்ட பணிப்பெண் டீனா மக்லோவுக்கு அன்று வயது 22 என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் சேரத் தோன்றவில்லை.

இனி உங்கள் ஆளுக்கு வருவோம். அவரைத் தாங்கி நிற்பவை மூன்று தூண்கள் என்கிறீர்கள். முதலாவது, பாராசூட் பயிற்சி. எஃப்.பி.ஐ.யும் தொடக்கத்தில் அப்படித்தான் நம்பியது; சில ஆண்டுகளில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டது. மழை பெய்யும் கும்மிருட்டில், மணிக்கு 200 மைல் வேகக் காற்றில், சாதாரணக் காலணியும் மேலங்கியுமாக எந்தத் தேர்ந்த வீரரும் குதிக்கமாட்டார் என்பது ஒரு காரணம். அவர் எடுத்துச் சென்றதாகக் கருதப்படும் துணைப் பாராசூட், திறக்க முடியாதபடி தைத்து மூடப்பட்ட வகுப்பறைப் பயிற்சிப் பொருள் என்பதும், அதை அவர் கவனிக்கவில்லை என்பதும் இன்னொரு காரணம். ஆக, உங்கள் ஆளின் பயிற்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது.

இரண்டாவது, விமானத் தொழிற்சாலை. கழுத்துப்பட்டையில் டைட்டானியத் துகள்கள் கிடைத்ததை மனத்தில் வைத்து இதைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. அந்நாளில் டைட்டானியம் அரிதாகப் புழங்கிய உலோகம் என்பது சரியே. ஆனால் அது புழங்கிய இடங்களில் சியாட்டில் பகுதி முக்கியமானது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்தை டைட்டானியத்தால் கட்டும் திட்டம் போயிங்கில் நடந்துகொண்டிருந்தது. 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கான நிதியை நிறுத்தியது. அக்காலத்தில் அந்த நிறுவனம் பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. அத்தனை பேரில் உங்கள் ஆள் ஒருவர், அவ்வளவே. தவிர, அந்தக் கழுத்துப்பட்டை முடிச்சுப் போடாமல் கவ்வி மாட்டும் மலிவுச் சரக்கு. அவர் அதை யாரிடமிருந்தாவது பழையதாகக்கூட வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது தூணாகிய முகச்சாயலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணிப்பெண்களின் நினைவிலிருந்து வரையப்பட்டு, பின்னர் திருத்தப்பட்டு, ஒன்றையொன்று முழுமையாக ஒத்துப்போகாத படங்கள் அவை. நாற்பதுகளின் நடுவில் இருக்கும், ஒல்லியான கழுத்துப்பட்டை கட்டிய, கறுப்புக் கண்ணாடி போட்ட எவரையும் அவற்றில் பொருத்திவிடலாம். பலர் பொருத்தியும் இருக்கிறார்கள். சம்பவம் நடந்த ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே எஃப்.பி.ஐ. 800-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, ஏறத்தாழ இரண்டு டஜன் பேரைத் தவிர மற்றவர்களை ஒதுக்கிவிட்டது. அதன்பின் வந்தவர்களோ ஏராளம். மரணப் படுக்கையில் கணவர் தாமே டான் கூப்பர் என்று சொன்னதாக ஒரு மனைவி வந்தார். சித்தப்பாதான் அந்த ஆள் என்று ஒரு பெண் வந்தார். ஒவ்வொருவரிடமும் உங்களிடம் இருப்பதுபோல் மூன்று பொருத்தங்களாவது இருந்தன.

பெயர் சொல்வதால் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். இந்த வழக்கின் பெயரையே பாருங்கள். சீட்டு வாங்கியவர் ‘டான்’ கூப்பர். போர்ட்லாந்தில் டி.பி. கூப்பர் என்று வேறு ஒருவர் இருந்தார். ஒருவேளை அவராக இருக்குமோ என்று போலீசார் விசாரித்து, இல்லையென்று விட்டுவிட்டார்கள். அவசரத்தில் ஒரு நிருபர் இரண்டு பெயர்களையும் குழப்பிச் செய்தி அனுப்பினார். அந்தத் தவறு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் திருந்தவில்லை. இதற்கு மாறாக, 1976-இல் வழக்குத் தொடுப்பதற்கான சட்டப்படியான ஐந்தாண்டுக் காலக்கெடு முடியும் தறுவாயில், யாரையாவது குற்றம் சாட்டியே ஆகவேண்டிய நெருக்கடியில், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் போர்ட்லாந்தின் பெரு நடுவர் குழு (கிராண்ட் ஜூரி) என்ன செய்தது? பெயர் அறியப்படாத ‘ஜான் டோ’ என்பவர் மீது குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. சந்தேகப் பட்டியல் முழுவதையும் கையில் வைத்திருந்த அரசு வழக்கறிஞர்களே அந்த இடத்தில் எந்த மனிதரின் பெயரையும் எழுதவில்லை. ஓர் இரங்கல் குறிப்பையும் ஒரு புகைப்படத்தையும் வைத்துக்கொண்டு அதை எழுத நமக்கு என்ன உரிமை? அந்த மகளுக்கு நீங்கள் எழுதும் கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும், “உங்கள் தந்தை ஒரு குற்றவாளி என்று நினைக்கிறேன், உதவி செய்யுங்கள்” என்பதுதான் அதன் பொருள். இல்லை என்று நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்கப் போவதில்லை.

எஃப்.பி.ஐ.க்கு எழுதலாமா என்றால், அதுவும் பயன்படாது. 2016 ஜூலையில் அவர்கள் தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டார்கள். பாராசூட்டோ பணமோ கண்ணால் காணும் பொருளாகக் கிடைத்தால் மட்டுமே தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டார்கள்.

அவர்களே பொருளைத்தான் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த வழக்கில் தொழில்முறைத் துப்பறிவாளர் அல்லாத சாதாரண மக்களால் விளைந்த நன்மையெல்லாம் பொருளின் வழியாகவே விளைந்தது. 1980 பிப்ரவரியில், கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல்திட்டில், அடுப்பு மூட்டுவதற்காக மணலை ஒதுக்கிய எட்டு வயதுச் சிறுவன், நைந்துபோன 5,800 டாலர் நோட்டுகளைக் கண்டெடுத்தான். வரிசை எண்கள் பொருந்தின. அந்தக் கொள்ளைப் பணத்தில் இன்றுவரை கிடைத்திருப்பது அது மட்டுமே. பிற்காலத்தில் எஃப்.பி.ஐ.யின் லாரி கார் என்ற அதிகாரி தடயங்களைத் திறந்துவிட, டாம் கே என்ற தொல்லுயிர் ஆய்வாளரின் தலைமையில் ஒரு தன்னார்வக் குழு வேலை செய்தது. கழுத்துப்பட்டைத் துகள்களைக் கண்டது அக்குழுதான். 2020-இல் டாம் கே குழுவினர் நோட்டுகளில் ஒட்டியிருந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவை வசந்தத்திலும் கோடையிலும் பெருகுபவை. எனவே அந்த நோட்டுகள் நவம்பர் இரவில் நேராக ஆற்றில் விழுந்து ஊறியவை அல்ல, மாதங்கள் கழித்தே நனைந்தவை என்ற முடிவுக்கு வந்தார்கள். யாருடைய பெயரையும் தொடாமல், யாருடைய மகளையும் கலங்க வைக்காமல், வழக்கை ஓர் அடி நகர்த்திய வேலை அது.

இங்கேதான், ஐயா, உங்கள் தொழிலின் மதிப்பை நீங்களே மறந்திருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் கடிதம் முழுவதும் பாராசூட் பேசுகிறீர்கள். வாழ்நாளெல்லாம் கையாண்ட நோட்டுக்கட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சியாட்டில் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியிலிருந்து எடுக்கப்பட்டவை பத்தாயிரம் 20 டாலர் நோட்டுகள். அவற்றின் எண்கள் நுண்படமாகப் பதியப்பட்டிருந்தன. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் மொத்தம் பத்துக் கிலோ. முதுகுப்பை கேட்டும் கிடைக்காததால், பாராசூட்டின் கயிற்றை அறுத்து, வங்கியின் துணிப்பையைக் கட்டிக்கொண்டார் அவர். டீனா பாரில் கிடைத்தவையோ மூன்று கட்டுகள்: இரண்டில் நூறு நூறு நோட்டுகள், மூன்றாவதில் தொண்ணூறு. கொடுத்த வரிசை கலையாமல் இருந்தன. ரப்பர் பேண்டுகளும் மேலேயே இருந்து, தொட்டதும் பொடிந்தன. இதைப் படித்தவுடன் ஒரு காசாளருக்கு எழும் கேள்விகள் துப்பறிவாளருக்கு எழாது. அந்தப் பத்து நோட்டு எங்கே போயிற்று? கட்டு அவிழாமல் பத்து நோட்டு மட்டும் கழன்று போகுமா, அப்படிப் போனால் மேலிருந்தும் கீழிருந்தும் போகுமா, நடுவிலிருந்தா? அல்லது கட்டும்போதே எண்ணிக்கை அப்படித்தான் இருந்ததா? மூன்று கட்டுகள் தனித்தனியே ஆற்றில் மிதந்து வந்து ஒரே இடத்தில் ஒதுங்குமா, பையோடு வந்தால்தான் சாத்தியமா?

இதில் இன்னொரு முரண்பாடு தீராமல் கிடக்கிறது. 1974-இல் ஆற்றைத் தூர்வாரி அந்தத் திட்டில் மணலைக் கொட்டினார்கள். நோட்டுகள் அந்த அடுக்குக்கு மேலே கிடந்ததால் அவை 1974-க்குப் பிறகே வந்திருக்க வேண்டும் என்றார் மண்ணடுக்குகளை ஆராய்ந்த நிலவியலாளர். ஆனால் ரப்பர் பேண்ட் வெளியில் கிடந்தால் ஓராண்டுகூடத் தாங்காது, எனவே அவை முறிவதற்கு முன்பே கட்டுகள் புதைந்திருக்க வேண்டும் என்பது டாம் கே குழுவின் சோதனை முடிவு. அப்படியானால் நடுவே அந்தப் பணம் எங்கே இருந்தது? கூப்பர் இறங்கியதாக முதலில் கருதப்பட்ட ஏரியல் ஊர்ப்பக்கம் ஓடும் லூயிஸ் ஆறு, டீனா பாருக்குக் கீழேதான் கொலம்பியாவில் கலக்கிறது. பணம் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வந்திருக்க முடியாது. ஆகவே குதித்த இடம் தவறா, பணம் வந்த வழி வேறா என்ற கேள்வியும் இதோடு பிணைந்திருக்கிறது. இது எவருடைய முகத்தையும் பார்க்காமல் தஞ்சாவூரிலிருந்தே ஆராயக்கூடியது.

எப்படித் தொடங்குவது? எஃப்.பி.ஐ. வெளியிட்ட கோப்புகளில் பணம் பற்றிய பக்கங்களை மட்டும் பிரித்தெடுங்கள். வங்கியில் கட்டியது யார், கட்டுக்கு எத்தனை, காகிதப் பட்டியா ரப்பர் பேண்டா, கையில் கொடுத்தவர் என்ன பார்த்தார் என்று ஒவ்வொரு சாட்சியத்தையும் தேதியுடன் பேரேடு எழுதுவதுபோல் எழுதுங்கள். சம்பவம் நடந்த வாரத்தில் சொன்னதையும் பத்தாண்டு கழித்துப் பேட்டியில் சொன்னதையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். இந்த வழக்கில் நடக்கும் குழப்பத்தில் பாதி அப்படி வந்ததுதான். உங்கள் கருத்துக்கு எதிரான சாட்சியம் கிடைத்தால் அதை முதலில் எழுதுங்கள்.

வீட்டிலேயே சோதனை செய்து பார்க்கும் ஆசை வரும். காவிரி மணலில் ரப்பர் பேண்டைப் புதைத்து எத்தனை மாதத்தில் முறிகிறது என்று எண்ணிப் பயனில்லை; நம் வெயிலும் கொலம்பியா ஆற்றின் குளிரும் வேறு. கட்டிலிருந்து தாள் எப்படிக் கழல்கிறது என்பதை மட்டும் வெற்றுத் தாள்களை நோட்டளவுக்கு வெட்டி வாளித் தண்ணீரில் பார்க்கலாம். அதற்கும் தாளின் வகை முக்கியம். அமெரிக்க நோட்டு பருத்தியும் லினனும் கலந்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆர்வம் வெளியில் தெரிந்ததும், கூப்பரின் நோட்டு என்றும் பாராசூட் துண்டு என்றும் விற்க யாரேனும் வரக்கூடும். 1972-இலேயே, கூப்பர் நோட்டுகளின் எண்களை அச்சிட்ட கள்ள நோட்டுகளைக் காட்டி, பேட்டி ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, ஒரு பத்திரிகையாளரிடமிருந்து 30,000 டாலரை இருவர் பறித்தார்கள். கள்ள நோட்டைப் பிடிக்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நோட்டைக் கையில் தராமல் படத்தை மட்டும் அனுப்பிப் பணம் கேட்பவர்களிடம் அந்த அனுபவம் உதவாது.

அந்த மகளின் முகவரி எழுதிய தாளைக் கிழித்துவிடுங்கள். தொண்ணூறு நோட்டுக் கட்டைப் பற்றிக் கோப்புகளில் ஏதேனும் கண்டுபிடித்தால், பக்க எண்ணுடன் எனக்கு எழுதுங்கள். இதே பகுதியில் வெளியிடுகிறேன்.