கராஜில் நிற்கும் இத்தாலியக் கார்: தொண்டுக்குக் கொடுப்பது பற்றிச் சில கேள்விகள்

பழைய இத்தாலிய ஜி.டி. கார் (நெடுந்தூரப் பயணத்துக்கான வேகக் கார்) வைத்திருக்கும் பிரிட்டன் வாசகர்கள் சிலர், அதை நல்ல காரியத்துக்குக் கொடுக்க விரும்பி எழுதியிருக்கிறார்கள். பதில்கள் எல்லாம் பிரிட்டன் சட்டப்படி.

என்னிடம் 1972 மாசராட்டி கிப்லி இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு முன் மலிவாக வாங்கியது. சாவியை ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட நினைக்கிறேன். வரிச் சலுகை எவ்வளவு கிடைக்கும்?

சாவியைக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்காது. பட்டியலிடப்பட்ட பங்குகள், நிலம், கட்டடம் இவற்றைத் தொண்டுக்குக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை உண்டு. கார் அந்த வரிசையில் இல்லை. கிஃப்ட் எய்ட் திட்டமும் (நன்கொடையாளர் கட்டிய வரியைத் தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து திரும்பப் பெறும் ஏற்பாடு) பணத்துக்குத்தான், பொருளுக்கு இல்லை.

ஆனால் சட்டம் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தனிநபர் வைத்திருக்கும் பயணிகள் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. கார் என்றால் நாளுக்கு நாள் தேயும் பொருள் என்பது சட்டத்தின் கணக்கு. மாசராட்டி விலை ஏறியது அதன் காதில் விழவே இல்லை! எனவே காரை நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுங்கள். செலவு போக ஒரு லட்சம் பவுண்ட் கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். அதைக் கிஃப்ட் எய்ட் படிவத்தோடு கொடுத்தால், தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து இன்னொரு 25,000 பவுண்ட் பெற்றுக்கொள்ளும். உங்கள் வருமானத்தில் போதுமான பகுதி 40 சதவீத வரியில் இருந்தால், நீங்களும் 25,000 பவுண்ட் வரை திரும்பப் பெறலாம். சாவியைக் கொடுத்திருந்தால் இந்த 50,000 யாருக்கும் வந்திருக்காது.

ஏலக் கூடத்தோடு மல்லுக்கட்ட அலுப்பாக இருந்தால், உங்கள் சார்பில் விற்றுத் தரத் தொண்டு நிறுவனம் தயாரா என்று கேளுங்கள். அப்போதும் விற்கும் வரை கார் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். விற்ற பிறகு தொகையைக் கொடுக்கிறேன் என்று நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். முன்னாலேயே உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் கிஃப்ட் எய்ட் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. வருடத்துக்கு நான்கைந்து கார் வாங்கி விற்பவர் என்றால், வரித்துறை உங்களை வியாபாரி என்று பார்க்கும். அப்போது மேலே சொன்ன கணக்கு செல்லாது.

நான் ஓய்வூதியக்காரன். வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 பவுண்ட்தான் வரி கட்டுகிறேன். எனக்கும் இதே யோசனைதானா?

அப்படியே பொருந்தாது. தொண்டு நிறுவனம் உங்கள் பேரில் திரும்பப் பெறும் தொகை, அந்த வருடம் நீங்கள் கட்டிய வரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மிச்சத்தை வரித்துறை உங்களிடம்தான் கேட்கும். 6,000 பவுண்ட் வரி கட்டுபவர் ஒரு வருடத்தில் 24,000 பவுண்ட் வரை கிஃப்ட் எய்டில் கொடுக்கலாம். காரின் விலை அதற்கு மேல் போனால், விற்ற பணத்தை வங்கியில் வைத்து மூன்று நான்கு வரி ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். அவ்வளவு நாள் இழுக்க மனமில்லையா? காரையே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். உங்கள் நிலையில் இழப்பது அதிகமில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், காரைக் கொடுத்தால் அதன் மதிப்பை வருமானத்தில் கழிக்கலாம் என்கிறாரே?

அவர் சொல்வது அந்த நாட்டுச் சட்டம். அங்கேயும் பலவிதக் கட்டுப்பாடுகள் உண்டு. இங்கே அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

லான்சியா ஃபிளமினியா, டூரிங் கட்டிய உடல். 22 வருடங்களாக ஓடவில்லை. ஏலத்துக்கு அனுப்பும் முன் பெயின்ட் அடித்து, என்ஜினை ஓட்டிப் பார்த்துவிடலாமா?

கையை வைக்காதீர்கள். நன்கொடை நோக்கத்தோடு வரும் கார்களில் நான் பார்த்த பெரிய நஷ்டங்கள் திருட்டாலோ விபத்தாலோ வந்தவை அல்ல, நல்லெண்ணத்தால் வந்தவை. ஒருவர் ஏலத்துக்கு முந்தைய மாதம் இருக்கைகளின் வெடித்த தோலை உரித்து, பளபளவென்று புதுத் தோல் போட்டார். பழையதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டார். ஆலையிலிருந்து வந்தபோது இருந்த தோல் அது. வாங்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே, 'பழசு எங்கே?'

முதலில் என்ஜின். இத்தனை வருடம் நின்றதில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி டேங்கிலும் கார்புரேட்டரிலும் ஒட்டியிருக்கும். ரப்பர் குழாய்கள் இறுகி வெடித்திருக்கும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினால் வளையம் உடையும், அல்லது விரிசல் விட்ட குழாயிலிருந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பதுதான் முறை. அதையும் இந்த வி6 என்ஜினைத் தெரிந்த மெக்கானிக்கே செய்யட்டும். பிரேக்கை நம்பி ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம். பிரேக் திரவம் ஈரத்தை இழுக்கும், சிலிண்டர்கள் உள்ளே துருவேறியிருக்கும்.

பெயின்ட் விஷயம் இன்னும் நுட்பமானது. உங்கள் காரின் உடலைக் கட்டிய டூரிங் பட்டறையின் சூப்பர்லெஜ்ஜெரா முறையில் மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தப்பட்டிருக்கும். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, பெயின்ட் கொப்புளிக்கும். வாங்குபவர் தேடுவது அந்தக் கொப்புளங்களைத்தான். புதுப் பெயின்ட் அவற்றை மறைக்கும். மறைத்த காருக்கு யாரும் தாராளமாக விலை கேட்பதில்லை.

செய்ய வேண்டியது வேறு. காகிதங்களைத் தேடுங்கள்: பழைய சர்வீஸ் பில்கள், எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதிச் சோதனை) சான்றிதழ்கள், கையேடு, லாக்புக் எனப்படும் பதிவுப் புத்தகம். கருவிப் பை, ஜாக், கராஜ் மூலையில் கிடக்கும் உதிரிப் பெட்டி எல்லாம் காரோடு போகட்டும். சேஸி எண்ணையும் என்ஜின் எண்ணையும் குறித்து, லான்சியாவுக்கான பிறப்புச் சான்றிதழை டூரினில் உள்ள நிறுவனத்தின் பாரம்பரியப் பிரிவிடம் கேட்கலாம். ஃபெராரி என்றால் மாரனெல்லோவில் உள்ள அந்த நிறுவனத்தின் பழைய கார்களுக்கான கிளாசிக்கே பிரிவு. இரண்டு எண்களும் ஆலைப் பதிவோடு பொருந்துவது, எந்தப் பளபளப்பையும்விட விலையைத் தூக்கும். தூசியைக்கூட ஏலக்காரர் பார்த்த பிறகு துடையுங்கள்.

உயிரோடு இருக்கும்வரை ஓட்டிவிட்டு, உயிலில் எழுதிவைக்கலாமா?

தாராளமாக. இந்த நாட்டிலேயே அழகான முன்னுதாரணம் இருக்கிறது. கடலோர உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.க்கு ஒருவர் இரண்டு ஃபெராரிகளை உயிலில் எழுதிவைத்தார். 2015-இல் டக்ஸ்ஃபோர்டில் நடந்த ஏலத்தில் 1960-ஆம் வருட 250 ஜி.டி. எஸ்.டபிள்யூ.பி. 66 லட்சம் பவுண்டுக்கும், 1967-ஆம் வருட 275 ஜி.டி.பி./4 ஏறக்குறைய 19 லட்சம் பவுண்டுக்கும் போயின. ஹேஸ்டிங்ஸில் நிற்கும் ஷானன் வகைப் படகு அந்தக் கொடையில் வந்ததுதான்.

தொண்டுக்கு எழுதிவைப்பதற்கு வாரிசு வரி கிடையாது. வரிவிலக்கு வரம்புகள் போக மிஞ்சும் நிகரச் சொத்தில் 10 சதவீதமாவது தொண்டுக்குப் போனால், மீதிக்கான வரி 40-லிருந்து 36 சதவீதமாகக் குறையும். எழுதும்போது மூன்று விஷயம் முக்கியம். நிறுவனத்தின் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள், பெயர் மட்டும் போதாது. அந்த நிறுவனம் மூடப்பட்டாலோ வேறொன்றோடு இணைந்தாலோ என்ன செய்வது என்று சொல்லுங்கள். உங்கள் காலத்திலேயே காரை விற்றுவிட்டால் அந்த வாசகம் செத்த வாசகம். அதற்குப் பதிலாக ஒரு தொகை போக வேண்டுமானால் அதையும் எழுதுங்கள்.

அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. அவருடைய காரைத் தொண்டுக்குக் கொடுக்க அண்ணனும் நானும் விரும்புகிறோம். உயிலில் அப்படி இல்லை. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள், பங்கு பெறுபவர்கள் ஒப்புக்கொண்டு ஒரு மாற்று ஆவணம் எழுதலாம். அப்பாவே உயிலில் எழுதியதுபோல வாரிசு வரிக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். தொண்டு நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்ததற்கு ஆதாரம் வேண்டும். வழக்கறிஞரை இந்த மாதமே பாருங்கள். ஒரே கொடைக்கு வாரிசு வரிச் சலுகையும் கிஃப்ட் எய்டும் சேர்த்து எதிர்பார்க்க வேண்டாம்.

குலுக்கல் சீட்டு விற்று, காரைப் பரிசாகக் கொடுத்தால் அதிகம் வசூலாகுமே?

ஆசை புரிகிறது. ஆனால் உள்ளாட்சியில் பதிவு செய்து நடத்தும் சிறு குலுக்கலில் ஒரு பரிசின் மதிப்பு 25,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் என்றால் உரிமம் வேண்டும். சீட்டுப் பணத்துக்குக் கிஃப்ட் எய்டும் இல்லை. ஏலமே மேல்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, 'எக்காலத்திலும் விற்கக்கூடாது' என்று நிபந்தனை போடலாமா?

போடலாம். பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அவர்களுக்கு இடம் இல்லை, பராமரிக்கப் பணமும் இல்லை.

1963 முதல் இருக்கும் பதிவு எண்ணை மட்டும் எனக்கு வைத்துக்கொள்ளலாமா?

வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.க்கு 80 பவுண்ட் கட்டினால் பிரித்து எடுக்கலாம். நான் எடுக்கமாட்டேன். பழைய பில்களிலும் புகைப்படங்களிலும் இருக்கும் எண் அது. காரின் அடையாளமே அதில் இருக்கிறது. பிறகு அந்த எண்ணைத் தனியாக விற்றால், காருக்கு உள்ள மூலதன ஆதாய வரிவிலக்கு எண்ணுக்குக் கிடையாது. இன்னொன்று: சாலையில் ஓட்டுவதில்லை என்று அறிவித்த காரை ஏலக் கூடத்துக்கு டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். அது கைமாறும் நாள் வரை காப்பீட்டை நிறுத்தாதீர்கள்.