கொசஸ்தலைக் கரைக் காட்டுக்குப் போகும்முன்: கேள்வி பதில்

மணலி புதுநகர் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை கொசஸ்தலை ஆற்றோரப் புதர்க்காட்டையும் அலையாத்தித் திட்டுகளையும் பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை.

மணலி: அண்ணே, நாலு நாளா மழையே இல்ல. ஞாயித்துக்கிழமை பசங்களக் கூட்டிட்டுப் போலாமா?

வானத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, பூண்டி ஏரியைப் பாருங்க. அங்கே உபரி நீர் திறந்தா தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டு தாண்டி இங்கதான் வரும். மழை திருவள்ளூர்ப் பக்கம் பெய்திருக்கும், வெள்ளம் சில மணி நேரம் கழிச்சு, வெயில் அடிக்கும்போது உங்க காலடிக்கு வரும். புழல் ஏரியோட உபரி நீரும் சடையங்குப்பம் வழியா இதே எண்ணூர்க் கழியிலதான் (முகத்துவாரத்தை ஒட்டின உப்பு நீர்ப்பரப்பு) சேருது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ரெண்டு ஏரியில எது திறந்திருக்குன்னு செய்தி வந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்க. ஷட்டரை மூடிட்டாங்கன்னதும் உடனே கிளம்பவும் வேணாம். வழியில நிக்கிற தண்ணி வடியணும், கரை இறுகணும்.

கொடுங்கையூர்: எந்த நேரம் சரி?

கடல் வற்றும் நேரம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 6 மணி நேரம், மறுநாள் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதனால போன வாரத்து நேரம் இந்த வாரம் உதவாது, மீனவர்கிட்ட கேட்டுக்கோங்க. முழு வற்றத்துக்கு 2 மணி நேரம் முன்னாடி இறங்கி, வற்றம் முடியும்போதே கரையேறிடுங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அப்போ ஆத்துலயும் வெள்ளம் வந்தா, தண்ணி கடலுக்குப் போக வழியில்லாம பக்கவாட்டுல பரவும்.

எண்ணூர்: சேத்துல கால் மாட்டினா?

மாட்டாம இருக்க முதல்ல ஒரு கம்பு வேணும், உங்க மார்பு உயரத்துக்கு. ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி குத்திப் பாருங்க, கணுக்காலுக்கு மேல இறங்கினா அங்கே கால் வைக்காதீங்க. அனல் மின் நிலையச் சாம்பல் படிஞ்ச இடம்தான் பெரிய ஏமாத்து: மேலே காய்ஞ்சு வெடிச்சு தரை மாதிரி இருக்கும், அடியில கூழ்.

மாட்டிட்டா வெடுக்குனு இழுக்கக் கூடாது. ஒரு காலை இழுக்க, பாரமெல்லாம் இன்னொரு கால்ல விழுந்து அதுவும் இறங்கும். பின்னாடி சாய்ஞ்சு உட்காருங்க, கம்பைப் படுக்கப் போட்டு அதுல பாரத்தைக் கொடுங்க. முழங்காலைச் சின்னதா முன்னும் பின்னும் ஆட்டினா இடுக்குல தண்ணி இறங்கிப் பிடி தளரும். செருப்போ ஷூவோ போனா போகட்டும். கூட வந்தவர் பக்கத்துல வராம, துண்டையோ கயிறையோ தூரத்துலேர்ந்து வீசணும். பலபேர் கை கொடுக்கப் போய்த் தானும் மாட்டுறாங்க.

தண்டையார்பேட்டை: கம்பூட் (உயரமான ரப்பர் ஷூ) போடலாமா?

வேணாம், தண்ணி ரொம்பினா காலே தூக்க முடியாது. கயிறு இறுக்கிக் கட்டின கேன்வாஸ் ஷூ போதும். ஹவாய் செருப்பை சீமைக்கருவேல முள் துளைச்சிடும்.

மீஞ்சூர்: பாம்பு உண்டா சார்?

உண்டு. வெள்ளம் வந்தா அதுவும் மேட்டைத் தேடும், நீங்க உட்கார நினைக்கிற அதே மேட்டை. நாணல் குவியல்ல கைவிடாதீங்க. கடிச்சா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. மோதிரம், கொலுசைக் கழட்டி, கடிபட்ட காலை அசையவிடாம 108-ஐக் கூப்பிடுங்க. ஸ்டான்லி மாதிரி விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிதான் வேணும். பாம்பைப் பிடிச்சுட்டுப் போறது வெட்டி வேலை.

ராயபுரம்: போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தா?

ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். டாக்டர்கிட்ட "வெள்ளத் தண்ணியில நடந்தேன்"னு நீங்களே சொல்லுங்க, அவர் கேட்கணும்னு காத்திருக்காதீங்க. கால்ல புண் இருந்தா தண்ணியில இறங்கவே வேணாம்.

மாதவரம்: திரும்புறப்போ தரைப்பாலத்துல கணுக்கால் அளவு தண்ணி ஓடுது. பைக்கை உருட்டிட்டுப் போலாமா?

கூடாது. ஓடுற தண்ணி அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளும், ஒரு அடி சின்ன காரையே மிதக்க விடும். கலங்கின தண்ணிக்கு அடியில பாலத்தோட ஓரம் அரிச்சிருந்தாலும் தெரியாது. சுத்து வழியில போங்க.