பன்னிரண்டு நாளில் ஐந்து நாடு – கடிதம்

வணக்கம் சார்,

பெங்களூரில் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு ராமமூர்த்தி நகர். வரும் மார்ச்சில் எங்கள் கல்லூரி 12 நாள் ஐரோப்பியப் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறது. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து. கட்டணம் மூன்றரை லட்சம். இரண்டு கிரெடிட்டும் சான்றிதழும் உண்டு. ஸ்விஸ் விசா எடுக்கிறார்கள். அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

அப்பா பீன்யாவில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். கையில் அவ்வளவு பணம் இல்லை. வளையலை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. ஓசூருக்குப் பக்கத்தில் தளியில் ரோஜா போட்டிருக்கும் பெரியப்பா, “இந்தக் காசுக்கு ஒரு போர்வெல் போட்டுடலாமே” என்று சிரிக்கிறார். வகுப்பில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். போகலாமா? வேலைக்கு இது உதவுமா? என் ஆங்கிலம் தடுமாறும். பிளேசர் கட்டாயம் என்று வேறு சொல்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

வளையலை அடகு வைக்க வேண்டாம். மீதியைப் படித்து முடிப்பதற்குள் அம்மா கடைக்குக் கிளம்பிவிடக் கூடாதென்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டி கட்டிப் போகிற அளவுக்கு இந்த அட்டவணையில் சரக்கு இல்லை. அப்பாவின் சேமிப்பிலிருந்தோ பெரியப்பாவிடம் வட்டியில்லாக் கைமாற்றாகவோ பணம் புரளுமென்றால் போகலாம். அப்போதும் உங்கள் கல்லூரி போட்டுக் கொடுத்திருக்கும் பயணத்தை அப்படியே போய்வராதீர்கள்.

ஸ்விஸ் விசா என்று நீங்கள் எழுதியதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தருகிற ஷெங்கன் விசாவுக்கு ஒரு விதி உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அட்டவணையில் எண்ணிப் பார்த்தேன். நான்கு இரவு ஸ்விட்சர்லாந்தில். அந்த நான்கு நாளில் ஒரு நிறுவனம், ஒரு வங்கி, ஒரு வகுப்பறைகூட இல்லை. டிட்லிஸ் என்ற பனிமலைக்குப் போய்வருவதற்கு ‘நிலைத்த சுற்றுலா மேலாண்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்குத் தாராளமாக இரண்டு கிரெடிட் கொடுக்கலாம். பாரிஸில் ஒன்றரை நாளும் படகுச் சவாரிதான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் ‘தொழிற்சாலைப் பார்வை’ என்று போட்டிருப்பது கார் மியூசியம். மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். அதற்குப் பேராசிரியர் எதற்கு?

இதற்கு நடுவில், மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, ‘ஆல்ஸ்மேர் மலர் ஏலம், 45 நிமிடம்’ என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் பெரியப்பாவின் ரோஜாவும் அப்படித்தான் போகிறபோக்கில் வந்து போகிறது. இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எனக்கு இந்தப் பயணமே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஊர் ஆல்ஸ்மேர். அங்கே ஏலம் நடக்கும் கட்டடம் உலகின் மிகப்பெரிய கட்டடங்களில் ஒன்று. நடத்துவது ராயல் ஃபுளோராஹாலந்து, பூ வளர்ப்பவர்களே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பு. நம் ஊர் ஏலத்தில் விலை ஏறும், அங்கே இறங்கும். கடிகாரம் போன்ற திரையில் உச்ச விலையிலிருந்து கீழே வந்துகொண்டே இருக்கும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. காத்திருந்தால் மலிவாகக் கிடைக்கலாம், அடுத்தவன் கொத்திக்கொண்டும் போகலாம். ஒரு பேரம் முடியச் சில நொடிதான். இன்று வாங்குபவர்களில் பலர் வீட்டிலிருந்து கணினியிலேயே அழுத்திவிடுகிறார்கள். அதனால் நீங்கள் மேலிருந்து பார்க்கும்போது ஓடும் தள்ளுவண்டிகள்தான் தெரியும், வியாபாரம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

தெரிந்துகொண்டு போக நீங்கள் ஐரோப்பாவில் எதையும் தேட வேண்டாம். பிப்ரவரி முதல் வாரம் தளிக்குப் போங்கள். காதலர் தினத்துக்காகச் சிவப்பு ரோஜா வெட்டும் நேரம் அது. இருபது பூக் கட்டு இன்று என்ன விலை, 15-ஆம் தேதிக்குப் பிறகு என்ன விலை என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். செடியை எங்கே வாங்கினார், அந்த ரகத்தை உருவாக்கியவருக்கு ராயல்டி கட்டினாரா என்றும் கேளுங்கள். பசுமைக்குடில்களில் வளரும் ரோஜா வகைகள் பலவற்றின் உரிமை நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் நிறுவனங்களிடம் இருக்கிறது. மண், தண்ணீர், உரம், கூலி எல்லாம் அவருடையது, ரகம் மட்டும் இன்னொருவருடையது. வகுப்பில் அறிவுசார் சொத்துரிமை என்று நடத்தும் பாடம் உங்கள் குடும்பத்துக் குடிலிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஒரு நாள் விடியுமுன் கே.ஆர். மார்க்கெட். அங்கே கமிஷன் மண்டிக்காரர் வாயில்தான் விலை. கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து வரும் பூ நிறைய இறங்குகிற இடம், தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம். அடுத்து ஹெப்பாளில் இருக்கும் மலர் ஏல மையம். ஆல்ஸ்மேரில் பார்க்கப்போகும் அதே டச்சுக் கடிகார முறையை நம் ஊருக்குக் கொண்டுவந்த இடம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசும் விலை பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. கடிகாரத்தில் இறங்கும் விலை அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியானால் விவசாயிக்கு எது நல்லது? சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். அவசரத்துக்கு முன்பணம் மண்டிக்காரர்தான் கொடுப்பார், கடிகாரம் கொடுக்காது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஆல்ஸ்மேரில் நின்றால் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும். இங்கே கென்யா ரோஜா மலையாகக் குவிந்திருக்கிறது, தளி ரோஜா ஏன் இவ்வளவு அரிது? கென்யப் பூவுக்கு ஐரோப்பாவில் சுங்க வரி கிடையாது, இது ஒரு காரணம். விமானக் கட்டணம், குளிர்பதன வசதி, ஆண்டு முழுக்க ஒரே தரத்தில் அனுப்பும் திறன் என்று பாக்கியை அங்கே இருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். டச்சுக்காரர்கள் வேறு நாட்டுப் பூவை இறக்கி ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் விற்றே இவ்வளவு சம்பாதிக்கிறார்களே, அது எப்படி என்பதையும்.

ஸ்டுட்கார்ட்டுக்கும் இதே மாதிரி ஒரு கேள்வியோடு போகலாம். பெங்களூர் ஆடுகோடியில் மைகோ என்று நம் ஆட்கள் இன்னும் சொல்கிற கம்பெனி 1951-இல் தொடங்கியது, இன்று அதன் பெயர் பாஷ், வாகன உதிரிபாகம் செய்யும் ஜெர்மன் நிறுவனத்தின் இந்தியக் கிளை. அதன் இந்திய நிறுவனப் பங்கை நீங்கள் நாளைக்கே சந்தையில் வாங்கலாம். ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருக்கும் தாய் நிறுவனத்தின் பங்கை வாங்க முடியாது. அது பங்குச்சந்தையிலேயே இல்லை. ஏறக்குறைய 94 சதவீதம் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது, வாக்குரிமையோ பெரும்பாலும் வேறோர் அமைப்பிடம். லாபம் ஒரு கையில், அதிகாரம் இன்னொரு கையில் என்று ஏன் பிரித்தார்கள்? இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் ஜெர்மன் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு, 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி. பட்டறை முதலாளியான உங்கள் அப்பா இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு வர்த்தகம் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். 1613-இல் அவர்கள் கோட்டை கட்டியது நம் பழவேற்காட்டில். அங்கிருந்து துணி மட்டும் போகவில்லை, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேறினார்கள். வழிகாட்டி அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பணம் கட்டுமுன் கல்லூரியிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. எந்த நிறுவனம் அனுமதி தந்திருக்கிறது, அங்கே உங்களோடு பேசப்போவது யார் என்பது முதல். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது அடுத்தது. விசாக் கட்டணம் 90 யூரோ எப்படியும் திரும்பாது. ஷெங்கன் விதிப்படி மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அது கட்டணத்தில் அடக்கமா என்று பாருங்கள். டிராவல் ஏஜென்சிக்குக் கட்டினால் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. பிடித்த தொகை அப்பாவின் பான் எண்ணில் ஏறட்டும், வருமான வரிக் கணக்கில் அவர் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் 1,500 யூரோ. உங்கள் மூன்றரை லட்சத்தில் ஓராண்டுக் கட்டணம் கட்டி மீதியும் இருக்கும். தங்கும் செலவும் சாப்பாடும் தனி, அது பெரிய தொகை. ஆனாலும் மேற்படிப்புக்கு வெளிநாடு என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பணத்தை அதற்கு வைத்துக்கொள்வதே என் ஓட்டு.

வேலை? நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நாடு போனேன் என்பவரிடம் “என்ன பார்த்தீங்க?” என்று கேட்போம். பெரும்பாலும் “நல்ல எக்ஸ்போஷர் சார்” என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். தளி ரோஜா எங்கே எந்த விலைக்குப் போகிறது என்று நீங்கள் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கடிகாரம் பார்க்க மாட்டார். தடுமாறும் ஆங்கிலம் அப்போது ஒரு பொருட்டே இல்லை. ஆல்ஸ்மேரில் உங்களோடு பேசப்போகிறவருக்கும் அது தாய்மொழி இல்லை.

பிளேசர் சிக்பேட்டையில் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாம், மாலில் கேட்கும் விலை அநியாயம். மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் மழையோடு காற்றும் அடிக்கும், பிளேசர் அதற்குத் தாங்காது. மேலே போட ஒரு மழைக் கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.