ஸ்காட்லாந்து வம்சத்தில் இந்தியக் கலப்பு எப்படி வந்திருக்கும்?

முன்னோர் அத்தனை பேரும் அபர்டீன்ஷயர்காரர்கள் என்று நம்பியிருந்த குடும்பம், மரபணுச் சோதனையில் 2 சதவீதம் தெற்காசியா என்று வருகிறது, பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். பலர் இங்குள்ள பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அப்புறம் பிள்ளைகளை மட்டும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தாய் இங்கேயே நின்றுவிட்டாள்.

இளவரசர் வில்லியமின் வம்சத்திலேயே இது நடந்திருக்கிறது. சூரத்தில் வேலை பார்த்த தியோடர் ஃபோர்ப்ஸுடன் வாழ்ந்தவர் எலைசா கெவார்க். அவர்களுடைய மகள் கேத்தரின் சிறுமியாகவே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். எலைசாவை ஆர்மீனியர் என்றே சொல்லிவந்தார்கள். 2013இல் அவருடைய தாய்வழி மரபணு, பெரும்பாலும் தெற்காசியாவில் காணப்படும் அரிய வகை என்று தெரியவந்தது. தந்தைவழியில் அவர் ஆர்மீனியராகவும் இருந்திருக்கலாம், இரண்டும் முரணல்ல.

ஒரு மூதாதையின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை சராசரியாகப் பாதியாகும். ஆறு தலைமுறைக்கு முந்தைய ஒரு பாட்டியிடமிருந்து 1.5 சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சும். உங்கள் கணக்கு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, எங்கே தேடுவது? 1851 மக்கள்தொகைப் பதிவில் பிறந்த இடத்தைப் பாருங்கள். 'கிழக்கிந்தியா' என்று இருந்தால், பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள சென்னை, வங்கம், பம்பாய் ஞானஸ்நானப் பதிவுகளுக்குப் போங்கள். தகப்பனின் பெயர் தெளிவாக இருக்கும். தாயின் பெயர் பல பதிவுகளில் இருக்காது. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனசு கனத்துப்போகிறது.