இராத்திரி டியூட்டிக்குப் போகும் தங்கச்சிக்கு

அம்புலன்ஸில் ஆறு வருடம் இராத்திரி வேலை பார்த்துவிட்டு இப்போது பகல் மனுஷனாகிவிட்ட அண்ணா, வாசகர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, எனக்கு 23 வயது. அம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலைக்கான பயிற்சியை முடித்துவிட்டேன். அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது. முதல் பட்டியலிலேயே இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை. எங்கள் வீட்டில் யாருக்கும் இராத்திரி வேலை பழக்கமில்லை. வண்டியில் தூங்கிவிடுவேனோ, பகலில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தூக்கம் வருமோ என்று பயமாக இருக்கிறது. பெண் பிள்ளை என்பதால் அம்மாவுக்கு இன்னும் பயம். என்ன செய்ய வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்?
– தலவாக்கலை வாசகி

பதில்: தங்கச்சி, அப்பா ஸ்டோரில் வேலை என்கிறாய், வீட்டில் யாருக்கும் இராத்திரி வேலை பழக்கமில்லை என்றும் எழுதுகிறாய். இரண்டும் ஒத்துவரவில்லையே! பகலில் பறித்த கொழுந்து இராத்திரி முழுக்க வாட்டுத் தட்டில் கிடந்து, ஊர் தூங்கும் நேரத்தில்தான் ரோலருக்குப் போகிறது. ரோலர் பக்கம் நின்ற ஒருவரிடம் கேட்டுப்பார், விடியற்காலை 3 மணிக்குக் கண் எப்படிச் சொக்கும் என்று கதை கதையாகச் சொல்வார். இதைப் பற்றி நீ முதலில் கேட்க வேண்டிய ஆள் அப்பாதான், நான் இல்லை.

சரி, என்னிடம் கேட்டாய், சொல்கிறேன். இராத்திரி வேலை இராத்திரியில் கெடுவதில்லை, முந்தின பகலில் கெடுகிறது. எனக்கு இது புரிய மூன்று மாதம் ஆனது. முதல் வாரம் காலையில் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, சாப்பிட்டு, போனை நோண்டி, டவுனுக்கு ஒரு நடை போய்விட்டு 11 மணிக்குப் படுத்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எழுந்துவிட்டேன். இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு டியூட்டிக்குப் போனால் என்ன ஆகும்? மூன்றாவது நாள் காலை, பைக்கில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு வளைவில் கண் மூடிவிட்டது. ரோட்டைவிட்டு இறங்கி நேரே தேயிலைக்குள். செடிதான் என்னைத் தாங்கியது. கீழே பள்ளமாக இருந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ஓரளவு மது அருந்தியவருடையதைப் போலத்தான் தடுமாறும் என்று 1997இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆகவே டியூட்டி முடிந்ததும் பஸ்ஸில் போ. முன் சீட்டில் உட்கார்ந்து, இன்ன இடத்தில் எழுப்பிவிடுங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லிவிடு.

பகல் தூக்கத்துக்கு வருவோம். 10க்கு 12 அடிக் காம்பராவில் தூங்குவது லேசான காரியமில்லை. பக்கத்துக் காம்பராவில் டீவி, பின்பக்கம் தண்ணீர்ப் பீலியில் சண்டை, ஆடி மாதமென்றால் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர். சத்தத்தை நம்மால் நிறுத்த முடியாது, வெளிச்சத்தை நிறுத்தலாம். ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டி, அதன்மேல் பழைய கம்பளி ஒன்றைத் தொங்கவிடு. காதுக்குப் பஞ்சு. நம் ஊர்க் குளிர் இந்த விஷயத்தில் நமக்கு உதவி. காம்பரா குளிர்ந்து இருட்டாக இருந்தால் உடம்பு பகலையும் இராத்திரி என்று நம்பிவிடும். ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் வராது, அதற்காக அழாதே. காலையில் வந்ததும் நாலைந்து மணி நேரம், டியூட்டிக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துக்கொள். எனக்கு இதுதான் சரிவந்தது.

வேலையில் உடம்பு மிகவும் சரிகிற நேரம் விடியற்காலை 3 முதல் 5 வரை. அந்த நேரத்தில் கணக்கு பிழையாகும், எழுத்து பிழையாகும். மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டு வாசி, பைலட்டுக்குக் கேட்கிற மாதிரி. (நம் வேலையில் டிரைவரை பைலட் என்றுதான் சொல்வார்கள். அம்மாவிடம் சொல்லிவைத்துவிடு, இல்லாவிட்டால் பிள்ளை பிளேனில் போகிறது என்று லயம் முழுக்கக் கதை பரவும்.) அழைப்பு இல்லாத நேரத்தில் 20 நிமிடம் கண்ணை மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் அரை மணி நேரத்துக்கு மூளை வேலை செய்யாது. தேத்தண்ணி விஷயத்தில் தேயிலைக்குள் பிறந்தவளிடம் என்ன சொல்வது? குடி. ஆனால் 2 மணிக்குப் பிறகு வேண்டாம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், காலையில் வீட்டுக்கு வந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய். சோற்றை டியூட்டிக்குப் போகுமுன் சாப்பிட்டுவிடு. நடுச்சாமத்துக்கு ஒரு ரொட்டியும் கட்டச்சம்பலும் போதும்.

பையில் என்ன வைப்பது? தலையில் கட்டுகிற டோர்ச், இரண்டு கையும் வேண்டும் உனக்கு. இரண்டு சோடி காலுறை, மாற்றுச் சீருடை (யாராவது உன்மேல் வாந்தி எடுப்பார்கள், முதல் வாரத்திலேயே), மழை ஜாக்கட், அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. நுவரெலியா பக்கம் போட்டால் ஜனவரியில் இரண்டு ஸ்வெட்டர்.

இதையெல்லாம்விட முக்கியமானது, வண்டியைக் கையேற்கும்போது நீயே எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது. ஒருமுறை முந்தின ஷிப்ட் ஆள் “எல்லாம் ஓகே மச்சான்” என்றார், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இராத்திரி 1 மணிக்கு ஒரு லயத்தில் சீனி வியாதிக்கார ஐயா, இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். உடம்பெல்லாம் தெப்பமாக வியர்வை, பேச்சுக் குழறுகிறது. சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. நல்ல வேளை, அவரால் விழுங்க முடிந்தது. சீனித் தண்ணீர் கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து “நீ யாரு மகேன்?” என்று கேட்டார். விழுங்க முடியாத நிலையில் இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்க முடியாது. அன்றிலிருந்து ஒக்சிஜன் மானியைக்கூடக் கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

லீவு நாளில் ஒரு வேலை செய். உன் வண்டி நிற்கப்போகும் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பகலில் போய்ப் பார். வரைபடத்தில் இங்கிலீஷ் பெயர் இருக்கும், நம் சனங்கள் வாயில் தமிழ்ப் பெயர் இருக்கும், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரே தோட்டத்தில் மேல்கணக்குக்கு (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு) ஒரு ரோடு, கீழ்க்கணக்குக்கு வேறு ரோடு. எந்தப் பாலத்தில் வண்டி ஏறும், கடைசி லயத்துக்கு எங்கிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், எங்கே போன் சிக்னல் செத்துப்போகும் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வை. மூடுபனி இறங்கிவிட்டால் பெரிய வெளிச்சம் போட்டாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம் லைட்டில் ஊர்ந்து போகும்போது இடது பக்க விளிம்பைப் பார்த்துச் சொல்ல பைலட்டுக்கு உன் கண் வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு: வண்டியில் இரண்டு பேர் இருப்பீர்கள், எங்கே போகிறீர்கள் என்று நிலையத்துக்கு எப்போதும் தெரியும். குடித்துவிட்டு அடிதடி என்று அழைப்பு வந்தால் பொலிஸ் வரும்வரை வண்டியைவிட்டு இறங்காதே. யார் கத்தினாலும் இறங்காதே. மற்றபடி, நடுச்சாமத்தில் பிள்ளை வலியோடு கிடக்கும் ஒரு பெண், கதவைத் திறந்து வருவது இன்னொரு பெண் என்று கண்டதும் விடும் மூச்சை நான் பல தடவை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள்.

கேள்வி: என் மகன் கண்டியில் இராத்திரி வேலை. வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்கத் தூக்கம். “வேலைவெட்டி இல்லாமல் தூங்குறான்” என்று லயத்தில் பேசுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.
– மஸ்கெலியா அம்மா

பதில்: அம்மா, பேசுகிறவர்களை இராத்திரி 2 மணிக்கு எழுப்பி, விடியும்வரை நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் பேசட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடைக்குப் போகவோ கேஸ் சிலிண்டர் தூக்கவோ அவரைப் பகல் 11 மணிக்கு எழுப்பாதீர்கள். அது உங்களை நடுச்சாமத்தில் எழுப்பித் தேங்காய் துருவச் சொல்வது மாதிரி.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு போன் பண்ணினோம். எங்கே, யார், என்ன வயது என்று கேள்விமேல் கேள்வி. அந்த நேரத்தில் வண்டியை அனுப்பக் கூடாதா?
– கொட்டகலை வாசகர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது தம்பி. என் பாட்டியைக் கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்துத் துரை (மேனேஜர்) சம்மதித்து, லொறி டிரைவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதி இராத்திரி போய்விட்டது. 1990 சேவை 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில்தான் ஆரம்பித்தது, நம் பக்கம் வர அப்புறமும் காலம் எடுத்தது. டிக்கோயாவில் 150 கட்டில் கொண்ட ஆஸ்பத்திரிக் கட்டடம் திறந்ததும் 2017இல்தான். இப்போது காசில்லாமல் வண்டி வருகிறது. ஆனால் எங்கே வர வேண்டும் என்பது உங்கள் வாயில்தான் இருக்கிறது.

போனை எடுக்கிறவர் கொழும்புக்குப் பக்கத்தில் ராஜகிரியவில் உட்கார்ந்திருக்கிறார். லயத்துக் காம்பராவுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. “நம்ம தோட்டம்தான் சேர், கோயில் பக்கம்” என்றால் அவருக்கு என்ன விளங்கும்? மாவட்டம், பக்கத்து டவுன், தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர், எந்தக் கணக்கு, மெயின் ரோட்டிலிருந்து எங்கே திரும்ப வேண்டும், இந்த வரிசையில் சொல்லுங்கள். இப்போதே ஒரு காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்துபோகும். போனை வைத்ததும் ஒரு பையனை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மருந்துகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தின் கடைசியில், சாயங்காலமே வலி வந்தது, வாய்வு என்று பூண்டும் ஓமத் தண்ணியும் கொடுத்தோம், இராத்திரி 11 மணிக்குத்தான் போன் பண்ணினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்ட ஐந்து நிமிடம் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஓமத் தண்ணிக்குப் போன ஐந்து மணி நேரம் தெரியவில்லை. குறை சொல்லவில்லை, நம் வீடுகளில் எல்லாரும் செய்கிறதுதான். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலித்து, கைக்கோ தாடைக்கோ ஏறி, வியர்த்துக் கொட்டினால் அதை வாய்வு என்று சொல்லாதீர்கள். சிங்களத்தில் சொல்ல வேண்டிய இடம் வந்தால் “பப்புவ ரிதெனவா”, நெஞ்சு வலிக்கிறது. இந்த இரண்டு சொல் போதும். அப்பா இப்போது நடமாடுகிறார் என்று எழுதியிருப்பதில் எனக்கும் சந்தோஷம்.

கேள்வி: அண்ணா, இராத்திரியில் பிணத்தோடு வண்டியில் வரப் பயமாக இருக்காதா? பேய் பார்த்ததுண்டா?
– ஹப்புத்தளை மாணவன்

பதில்: பேய் இல்லை, சிறுத்தை ஒரு தடவை. ரோட்டைக் கடந்து தேயிலைக்குள் போய்விட்டது, எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

முதல் தடவை ஒருவர் எங்கள் கையிலேயே இறந்தபோது பயம் வரவில்லை தம்பி, கை நடுக்கம் வந்தது. நிமிடத்துக்கு நூறுக்கு மேல் நெஞ்சை அழுத்தி, அரை மணி நேரத்துக்கும் மேலாக அழுத்தி, வியர்வை காய்ந்த பிறகு வந்த நடுக்கம். என் பைலட் சிங்களவர், என்னைவிட பத்து வயது மூத்தவர். ஹட்டனில் திறந்திருந்த ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, “மல்லி, கதா கரன்ன” என்றார். தம்பி, பேசு என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் பேச வரவில்லை, அவரும் எழும்பவில்லை. கிளாஸ் ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு எந்தக் கெட்ட இராத்திரியிலும் நான் பேசாமல் வீட்டுக்குப் போனதில்லை.

உண்மையான பயம் என்றால் அது வேறு. எங்கள் ரூட்டில் ஒரு கொண்டைஊசி வளைவு, அதில் ஒரு முனியாண்டி கோயில். என் பைலட் எவ்வளவு வேகத்தில் போனாலும் அந்த இடத்தில் மட்டும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார். ஆறு வருடமும் நான் கண்ணை மூடாத ஒரே இடம் அதுதான்.