தபால்தலைச் சேகரிப்புக்கு உறுதியும் அழகும் உள்ள பைண்டர் எது?

அப்பா நோட்டில் சேர்த்து வைத்த தபால்தலைகளை, பக்கங்களைக் கழற்றி மாட்டும் வளையம் வைத்த நல்ல பைண்டருக்கு மாற்ற வேண்டும், தூத்துக்குடியில் வசிக்கிறேன், உழைக்கவும் வேண்டும், பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் முதலில் அட்டையைத்தான் காட்டுவார்கள். நீங்கள் உள்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தபால்தலையோடு வருடக்கணக்கில் ஒட்டி உறவாடப் போவது அதுதான்.

முதல் சோதனை மூக்குக்கு. பைண்டரைத் திறந்ததும் புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அது தொளதொளவென்று வளையும் பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து தபால்தலையில் ஏறும். மை கரையும், தாள் பிசுபிசுக்கும். புகைப்பட ஆல்பங்களில் வரும் பசைத் தாள்களும் இதே ரகம்தான். தபால்தலையைச் செருகி வைக்கும் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் பட்டைகளும் அமிலமில்லாத அட்டையும் உள்ள பக்கங்களைக் கேளுங்கள். லைட்ஹவுஸ், லின்ட்னர் ஆகிய ஜெர்மன் நிறுவனங்களின் பொருள்கள் இதில் நம்பகமானவை. விலை கூடத்தான், பக்கங்களுக்குச் செலவழித்துவிட்டு, மேலட்டையில் சிக்கனம் பார்க்கலாம்.

அடுத்தது வளையம். வட்ட வளையத்தில் முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் வளைந்து நிற்கும். ஒரு பக்கம் நிமிர்ந்திருக்கும் 'டி' வடிவ வளையத்தில் எல்லாம் ஒரே சீராகப் படியும். இரண்டு வளையத்தைவிட நான்கு வளையம் மேல். வளையத்தை மூடிவிட்டு, அது சேரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்துப் பாருங்கள். சிக்கினால், நாளை பக்கத்தின் துளையும் அப்படித்தான் கிழியும். எவ்வளவு உறுதியான பைண்டராக இருந்தாலும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இறுக்கினால் முதுகு பிளக்கும். கோந்து போகாத புதுத் தபால்தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

தபால்தலைகளைச் செருகி வைக்கும், தைத்துக் கட்டிய புத்தகமான ஸ்டாக் புக் மலிவுதானே என்பீர்கள். இரட்டைப் பிரதிகளைப் போட்டு வைக்க அது போதும். ஆனால் நடுவில் பக்கம் சேர்க்க முடியாது. வரிசையில் விட்டுப்போன ஒன்று பிறகு கிடைத்தால் அத்தனையையும் நகர்த்த வேண்டியிருக்கும். பைண்டரின் லாபமே அங்கேதான். அளவு வாரியாகப் பக்கங்களையும் கலந்து வாங்கலாம்: சிறியவற்றுக்குப் பல பட்டைகள், தபால்தலை அச்சிட்ட சிறு தாளான மினியேச்சர் ஷீட்டுக்கு ஒரே பெரிய பை. 2011இல் கதர்த் துணியில் வெளியான 100 ரூபாய் காந்தி தபால்தலை அப்பாவிடம் இருந்தால், அதைக் குறுகிய பட்டையில் திணிக்காமல் பெரிய பையில் வையுங்கள்.

அழகைப் பற்றியும் கேட்டீர்கள். என் ஓட்டு கறுப்புப் பக்கத்துக்கு. 1948இல் சுவிட்சர்லாந்தில் அச்சான காந்தி வரிசையின் ஊதா நிற மூன்றரை அணாவை அதில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும் ஓரப் பற்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி நிற்கும்; ஒரு பல் குறைந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மலிவான கறுப்பு அட்டை ஈரத்தில் சாயம் விடும் என்பதால், நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

கடலோரத்தில் பஞ்சு வைத்த மெத்தை அட்டை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டித் துணி அட்டையும் அதற்கேற்ற அட்டைக் கூடும் வாங்குங்கள். கூடு தூசியையும் வெளிச்சத்தையும் தடுக்கும். படுக்கவைத்து அடுக்காமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் புத்தகம்போல நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வெயில் படாத மின்விசிறிக் காற்றில் சிறிது நேரம் விரித்து வைத்தால் பழுப்புப் புள்ளிகள் வருவது குறையும்.

நோட்டில் ஒட்டியிருப்பவற்றை உரித்தெடுக்காதீர்கள். முத்திரை விழுந்த தபால்தலைகளைத் தாளோடு வெட்டி, சாதாரணத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாகக் கழன்றுவரும். முத்திரை விழாதவற்றையும், தண்ணீரில் சாயம் போகக்கூடிய பழைய சமஸ்தானத் தபால்தலைகளையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு தொடுங்கள்.